பூதம் உடைக்காத சுவர்

மதினி,

நம் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் ரோடு போடுகிறார்கள். காலையிலிருந்து தார் காய்ச்சுகிற வாடை. அது மூக்கில் ஏறியதும் எனக்கு அந்தச் சினிமாப் பூதம்தான் ஞாபகம் வந்தது. சாக்கில் தாரைப் பூசி, அதற்குள் ஒரு ஆளை வைத்துத் தைத்து நிறுத்தினார்களே, அந்தப் பூதம். நீ கிட்டே போய் மோந்துவிட்டு, "பூதத்துக்குக் குளிக்கத் தண்ணி கொடுங்கய்யா" என்றாய். படம் பிடிக்க வந்தவர்களே சிரித்துவிட்டார்கள்.

பூதம் மிதித்து அழித்த ஊர் வேண்டும் என்றுதானே நம் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தார்கள்? செட்டுப் போட லாரியில் மரம் கொண்டு வந்தவர்கள், நம் வீடுகளைப் பார்த்ததும் இறக்காமலே திருப்பி அனுப்பினார்கள். உன் வீட்டுப் பின்சுவர் அப்போதே வயிறு தள்ளி நின்றது. அதைச் சரிபண்ணச் சொல்லி நீ எத்தனை தடவை தோட்டத்து ஆபீசுக்கு நடந்தாய்! "படம் முடியட்டும், இப்ப கை வெச்சா கெட்டுப்போகும்" என்றார் மேனேஜர். கெட்டுப்போகுமாம்!

மூணாறு கொட்டகையில் நம் லயம் திரையில் வந்ததும் முன்னால் இருந்த பெண்கள் உச்சுக் கொட்டினார்கள். நீ சத்தமாகவே சொன்னாய்: "ஏட்டி, பூதம் இன்னும் வரவே இல்ல, அதுக்குள்ள அழுதா எப்படி? எங்க வீடு எப்பவுமே அப்படித்தான் இருக்கு!" கொட்டகையே சிரித்தது. நானும் சிரித்தேன். இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

படம் ஓடியதும் போடியிலிருந்தும் தேனியிலிருந்தும் ஜீப்பில் ஆட்கள் இடம் பார்க்க வந்தார்கள். மேனேஜருக்கு அதில் பெருமை. "வர்றவங்க பார்க்கட்டும், சுவர் அப்படியே இருக்கட்டும்" என்றார். அந்த ஆடி மழையில் அது உன்மேல் விழுந்தது. மழை அதிகமாம், விதியாம். என்னிடம் யாரும் அந்தப் பேச்சைப் பேச வேண்டாம்.

இப்போது லயத்தை இடித்துவிட்டு விருந்தினர் பங்களா கட்டப் போகிறார்கள். ரோடு அதற்குத்தான். உன் சுவருக்கு ஒரு வண்டிக் கல் கிடைக்காத தோட்டத்தில் இன்று லாரி லாரியாகக் கல் வந்து இறங்குகிறது. இடிப்பதற்குள் பார்த்துவிட வேண்டும் என்று போன ஞாயிற்றுக்கிழமை ஒரு ஜீப் வந்தது. உன் சுவர் விழுந்து கிடந்த கற்குவியல்மேல் மகனை ஏற்றி நிறுத்தி, ஒருவர் போட்டோ எடுக்கப் பார்த்தார்.

"அக்கா, பூதம் உடைச்ச சுவர் இதுதானே?"

"பூதம் உடைக்கலய்யா. தோட்டத்துக்காரங்க ரிப்பேர் பண்ணாமப் போட்டு வெச்ச சுவர். எங்க மதினி இதுக்கு அடியிலதான் செத்துப்போனா. பிள்ளையை இறக்குங்க."

இறக்கினார். போட்டோ எடுக்கவில்லை. சாயங்காலம் கங்காணி வந்து, "வர்றவங்கள ஏன் பயமுறுத்துற?" என்றார். பூதம் பார்க்க வந்தவர்கள்தானே, பயப்படட்டும் என்றேன்.

நாளை இடிக்க வருகிறார்கள். இடிக்கட்டும். பங்களா வந்தால் அறை பெருக்க ஆள் வேண்டுமே, நான் பெயர் கொடுத்துவிட்டேன். அங்கே மெத்தையில் படுக்க வருகிற ஒவ்வொருவரிடமும் சொல்வேன், இது எங்க மதினி வீடு என்று.