கால் வலிக்கிற பேய்

மாப்ளே,

இன்று காலை கடைக்கு ஒரு செல்போன் வந்தது. மலையில் மழைக்கு நனைந்து அணைந்துபோனது. பின்மூடியைக் கழற்றியதும் ஏலத்தோட்டத்து ஈரமண்ணும் பச்சைக் காயும் கலந்த வாடை மேசையில் பரவியது. உன் சட்டையில் எப்போதும் இருந்த வாடை. போனைக் கொண்டுவந்தது பாப்பாத்தி அக்கா. உன் ஜீப்பில் உனக்கு நேர் பின்னால் உட்கார்ந்து காய் எடுக்கப் போனவர். "இப்ப வர்ற ஜீப்புல பாட்டுதாம்ப்பா ஓடுது" என்றார்.

பேய்க்கதைகளை நான் எழுதினேன், நீ சொன்னாய் என்றுதான் ஊரில் பேச்சு. அது பாதிதான் உண்மை. சாயங்காலம் ஆட்களை இறக்கிவிட்டு நேராக என் கடைக்கு வருவாய். ரிப்பேருக்கு நடுவே எழுதி வைத்ததை வாசித்துக் காட்டுவேன். மறுநாள் விடியலில் மலையடிவாரத்து முந்தலைத் தாண்டி ஜீப் மேட்டில் ஏறியதும் தோட்டத்துப் பெண்களுக்கு அதைச் சொல்லிக்கொண்டே ஓட்டுவாய். அவர்கள் சொன்ன தீர்ப்போடு மாலையில் திரும்புவாய்.

என் முதல் பேய்க்கு வெள்ளைச் சேலை, விரித்த தலை, தரையில் படாத உடம்பு. அன்று நீ சிரிப்பை அடக்க முடியாமல் வந்தாய். "ஒருத்திகூடப் பயப்படல மாப்ளே. காலே இல்லையா, குடுத்து வச்சவன்னு சொல்றாளுக." நாள் முழுக்கச் சரிவில் நின்று வேலை பார்க்கிறவர்கள் வேறு என்ன சொல்வார்கள்? டீயைக் குடித்து முடித்துவிட்டு நீயே சொன்னாய்: "செத்த பெறகும் காலு வலிக்குதுன்னு எழுது."

நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போய் அதை நினைத்தபோது பிடரி குளிர்ந்தது.

அப்படித்தான் பொன்னுத்தாய் பிறந்தாள். மரக்கிளை முறிந்து விழுந்து செத்துப்போன தோட்டக்காரி. செத்த பிறகும் தூக்குவாளியோடு விடியலில் ஜீப்புக்கு நிற்கிறாள். எந்த ஜீப்பும் நிற்பதில்லை. பனி அடர்ந்த இடத்தில் இறந்தவர்களின் சந்தை ஒன்று இருக்கிறது. அங்கே தனக்குத் தெரிந்த ஒரு முகத்தைக் கொடுத்தால் சிறிது நேரம் வீட்டுக்குப் போய் வரலாம். கொடுத்த முகம் அதன்பின் நினைவில் இராது. அவள் அம்மாவின் முகத்தைக் கொடுத்தாள். பிறகு புருஷனுடையதை. கடைசியில் மகளின் முகம் மட்டும் மிஞ்சியது.

சந்தையில் இருப்பவர்களின் முகங்களை நான் பக்கம் பக்கமாக வர்ணித்திருந்தேன். அத்தனையையும் எடுக்கச் சொன்னாய். கைகளை மட்டும் காட்டு, முகத்தைக் கேட்கிறவர்களே போட்டுக்கொள்வார்கள் என்றாய். அப்படி மாற்றியதை நீ ஜீப்பில் சொன்ன நாளில் வளைவு ஒன்றில் பாப்பாத்தி அக்கா ஜீப்பை நிறுத்தச் சொல்லி, வெளியே யாரும் நிற்கவில்லையே என்று எட்டிப் பார்த்தாராம். அன்று நாம் இருந்த சந்தோஷத்தில் இரண்டு போன்களின் மூடியை மாற்றிப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

முடிவில்தான் ஒத்துப்போகவில்லை. கடைசி முகத்தையும் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகிறாள், வாசலில் இருக்கும் பிள்ளை யாரென்று அவளுக்குத் தெரியவில்லை, அதோடு நிறுத்து என்றாய் நீ. எனக்கு மனம் வரவில்லை. பெண்களும் என் பக்கம். மாதக்கணக்கில் அது இழுத்துக்கொண்டே போனது. அதற்குள் உனக்கு விடாத காய்ச்சல் வந்தது, உடம்பு இளைத்தது. ரத்தத்தில் கோளாறு என்று தேனியில் சொன்னார்கள். ஜீப் வேறு கைக்குப் போனது.

ஆஸ்பத்திரியில் ஒரு மத்தியானம், நான் கேட்காமலே நீ கட்சி மாறினாய். "அவள வீட்டுக்கு அனுப்பிரு மாப்ளே. பிள்ளையும் அவளும் ஒருத்தர ஒருத்தர் கண்டுக்கிறட்டும்." ஏன் என்று நான் கேட்கவில்லை. பள்ளிச் சீருடையோடு உன் மகள் அப்போதுதான் பார்த்துவிட்டுப் போயிருந்தாள்.

எழுதிக் கொண்டுவந்து கட்டிலருகே வாசித்தேன். வெயில் ஏறிச் சந்தை கலைகிறது. கொடுத்த முகங்களெல்லாம் திரும்பி வருகின்றன. மகள் ஓடி வந்து கட்டிக்கொள்கிறாள். கண்ணை மூடிக் கேட்டாய்.

"நல்லா இல்ல மாப்ளே. பொய்யா இருக்கு."

நான் தாளை மடித்தேன்.

"இன்னொரு தடவ வாசி" என்றாய்.

வாசித்தேன். நான் உனக்கு வாசித்தது அதுதான் கடைசி.

இத்தனை வருஷம் செத்தவர்களைப் பற்றி எழுதியவன், நீ போன பிறகு உனக்காகக் காத்திருந்தேன் என்றால் சிரிப்பாய். ஒரு நிழல், ஒரு சத்தம், ஒரு கனவுகூட இல்லை. மாப்ளே, பயப்படுவதற்கும் ஒரு நம்பிக்கை வேண்டியிருக்கிறது. அங்கே ஏதோ இருக்கிறது என்று பாதியாவது நம்பினால்தான் முதுகு சில்லிடும். இப்போது கடை ஷட்டர் தானாக ஆடினால் காற்று என்று தெரிகிறது. அவ்வளவுதான்.

ஒருநாள் முடிவைச் சொல்லலாமென்று தோட்டத்துப் பெண்களோடு ஜீப்பில் ஏறினேன். நீ கதையை நிறுத்துகிற அதே வளைவில் நானும் கதையை நிறுத்தினேன். பயந்து யாரும் ஜீப் கம்பியைப் பிடிக்கவில்லை. பாதியில் விட்டுவிட்டேன், மீதியை யாரும் கேட்கவில்லை. புது டிரைவர் பாட்டைப் போட்டான். நல்ல பையன்தான். அதன்பிறகு நான் ஒரு வரிகூட எழுதவில்லை.

போன வாரம் உன் மகள் சார்ஜர் வாங்க வந்தாள். காசைக் கொடுத்த பிறகும் போகாமல் நின்றாள்.

"மாமா, பொன்னுத்தாயி வீட்டுக்குப் போயிருவாளா?"

போய்விடுவாள் என்றேன்.

"அவளுக்கு மகளத் தெரியுமா?"

"தெரியும்த்தா. வாசல்லயே கண்டுக்கிருவா."

"அப்பா வேற மாதிரி சொன்னாரு" என்றாள். கடைசியில் அப்பாதான் மாற்றச் சொன்னார் என்றேன். அவள் நம்பியதாகத் தெரியவில்லை. தலையை மட்டும் ஆட்டிவிட்டுச் சைக்கிளை எடுத்தாள்.

நீ முதலில் சொன்ன முடிவுதான் சரி. எனக்கும் அது அப்போதே தெரியும். அதை எழுதப்போவதில்லை. அந்தப் பொய்யை மட்டும் வரி பிசகாமல் மனதில் வைத்திருக்கிறேன், உன் மகள் மறுபடி வந்து கேட்டால் மாற்றிச் சொல்லிவிடக் கூடாதே என்று.