சண்டை போடக் கட்டிய கரை

அக்கா,

நேற்று குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தேய்க்கிறவர் என் முதுகைத் தேர்ச்சக்கரம் என்று நினைத்து அச்சாணி வரைக்கும் எண்ணெய் இறக்கிக்கொண்டிருந்தார். அப்போது காற்று திரும்பியது. இத்தனை நாளும் மலையிலிருந்து சாரலைக் கொண்டுவந்த காற்று, கிழக்கேயிருந்து ஈரமண் வாசனையோடு வந்தது. புரட்டாசி முடியப் போகிறது, அடுத்தது அடைமழை. வாசனை மூக்கில் ஏறியதுமே உன் குரல் காதில் கேட்டது. கோடையில் நீ உலகத்தை விட்டுப் போய்விட்டாய். குரல் இன்னும் போகவில்லை.

கண்ணைத் திறந்தால், பேரருவிக்குக் கீழே நம் ஊர் நாட்டாமைகள் இருவரும். எங்கள் மேலத்தெருக்காரர் ஒரு பக்கம், நீ வாழ்க்கைப்பட்ட கீழத்தெருக்காரர் மறுபக்கம். முதுகைத் திருப்பிக்கொண்டு குளிக்கிறார்கள். அருவிக்கு நடுவே சுவர் எழுப்ப முடிந்தால் எழுப்பியிருப்பார்கள். ஈரத்தலையோடு எங்கள் தெருக்காரர் என்னிடம் வந்தார்.

"ஒங்க அக்கா போயாச்சு. இனி குளத்துக் கரையில நின்னு கத்துத கூத்தெல்லாம் வேண்டாம்டே. கேஸு முடியட்டும். சமாதானம் ஆன பொறவு கரையப் பாப்போம்."

கொஞ்ச நேரத்தில் உன் தெருக்காரரும் துண்டைப் பிழிந்தபடி வந்து, அதையே சொல் மாறாமல் சொன்னார். இத்தனை வருஷத்தில் அந்த இருவரும் ஒத்துப்போனது இது ஒன்றில்தான்.

எதனால் வந்த பகை என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்வேன், ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் அந்த எருமை ஒரு முழம் வளர்கிறது. உன் கொழுந்தன் கல்யாணத்தன்று, பந்தல் வாசலில் கட்டியிருந்த குலைவாழையை எங்கள் தெரு எருமை தின்றுவிட்டது. என் கணக்கில் அது பொதிகை மலையில் பாதி இருக்கும். வாழையைத் தின்று, பந்தலைத் தின்று, நாதஸ்வரத்தையும் மோந்து பார்த்துவிட்டுப் போயிற்று.

அதற்குப் பிறகு நடந்ததைப் பெரிதாக்கிச் சொல்ல எனக்கே வாய் வராது. வைக்கோல் படப்புகள் எரிந்தன. நம் சித்தப்பா மகனுக்கு ஒரு கை போயிற்று. உன் கொழுந்தன் ஜெயிலுக்குப் போனார். இரண்டு தெருவும் கோர்ட்டில் போட்ட கேஸு இன்றுவரை இழுக்கிறது. தெருவுக்குத் தெரு கொள்வினை கொடுப்பினை அற்றது. நீ நம் வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது. சந்தையில் கண்டால் நான் உன் முகத்தைப் பார்க்கக் கூடாது. நான் பார்ப்பேன், நீ நாக்கைத் துருத்திக் காட்டுவாய்.

அந்தக் கோபத்தில் குடிமராமத்தும் நின்றது. முன்பெல்லாம் மழைக்கு முன்னால் வீட்டுக்கு ஒரு ஆள் மண்வெட்டியோடு போய்க் குளத்துக் கரையைப் பலப்படுத்துவது வழக்கம். கரை உடைந்தால் முதலில் போவது உங்கள் தெரு வீடுகள், அடுத்தது எங்கள் தெரு வயல்கள். "அவங்க வீடுதான மொதல்ல போவும், அவங்க கட்டட்டும்" என்றது எங்கள் தெரு. "அவங்க வயலுக்குத்தான தண்ணி, அவங்க கட்டட்டும்" என்றது உங்கள் தெரு. நண்டுகள் மட்டும் தெரு பார்க்காமல் கரையைத் தோண்டிக்கொண்டிருந்தன.

அந்த ஐப்பசியில் பெய்த மழையில் மீன்களுக்கே மூச்சு முட்டியது. கரையின் நடுவில் விரல் பருமனில் தொடங்கிய கசிவு, விடிந்தபோது தொடைப் பருமன் ஆகியிருந்தது. நீ இரண்டு நாட்டாமைகள் வீட்டுக்கும் போய்க் கெஞ்சினாய். ஒருவரும் அசையவில்லை. பிறகு நீ கெஞ்சவில்லை. நம் வீட்டுச் சீர்த் தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு கரைமேல் ஏறினாய். கரண்டியால் அதை அடித்துக்கொண்டு மேற்கே திரும்பினாய்.

"ஏலே மேலத்தெருக்காரங்களா! மீசையக் கழத்தி வச்சிட்டு அடுப்பங்கரையில குத்தவச்சிருக்கியளா? கீழத்தெரு ஆளுக கரையில நிக்காவ. ரோசம் இருந்தா வாங்கலே!"

கரையில் நின்றது நீ ஒருத்திதான். அதே மூச்சில் கிழக்கே திரும்பினாய்.

"ஏலே கீழத்தெருவு! மேலத்தெருக்காரன் கரைய வெட்ட வாரான்! ஒங்க அடுக்களையில மீன் புடிக்கப் போறான்லே!"

கரை கட்டக் கூப்பிட்டபோது வராத ஊர், சண்டைக்குக் கூப்பிட்டதும் திரண்டு வந்தது. கம்பு, வேல்கம்பு, அரிவாள். ஒரு கிழவர் கையில் உலக்கை. என் கைக்கு அகப்பட்டது ஏணி. மூவேந்தர் காலம் தொட்டு ஏணியோடு போருக்குப் போன வீரன் நான் ஒருவன்தான்.

இரண்டு பக்கமும் எதிரெதிரே நின்றோம். நடுவில் கரை கசிந்தது. ஒரு கல் பறந்திருந்தால் அன்று கரையோடு ஊரும் போயிருக்கும். நீ நடுவில் வந்து நின்றாய், தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட.

"வெட்டிக்கிடுங்க. நான் தடுக்கல. ஆனா நின்னு வெட்ட ஒரு கரை வேணும்லா? அத மொதல்ல கட்டுங்க. பொறவு சாவகாசமா வெட்டிக்கிடலாம்."

அந்த நேரம் பார்த்து உங்கள் நாட்டாமையின் கால் முழங்கால் வரை கரைக்குள் இறங்கியது. இரண்டு தெருவும் ஒன்றாக ஒரு அடி பின்வாங்கியது. முதலில் முன்னே வந்தவன் சித்தப்பா மகன்தான். மிச்சமிருந்த கையால் தன் வேல்கம்பைக் கசிவின் ஓரத்தில் ஊன்றினான். "இது போதுமாக்கா, இன்னும் வேணுமா?" என்றான்.

ஊருக்குள் இருந்த கம்பெல்லாம் அங்கே முளையாக இறங்கியது. என் ஏணி குறுக்கே படுத்தது. அரிவாள்கள் பனையோலை வெட்டின. இரண்டு தெருவும் ஒருவரோடொருவர் பேசவில்லை, திட்டிக்கொண்டது மட்டும்தான். "மண்ணு போடுதியா, விபூதி பூசுதியாலே?" "ஒன் கூடையில இருக்கது மண்ணா, பொரிகடலையா?" மழை விடவில்லை. கரையும் விடவில்லை.

சமாதானம்? அதெல்லாம் ஆகவில்லை. மறு வருஷம் நாட்டாமைகள் பழையபடி முகத்தைத் திருப்பிக்கொண்டபோது, "நீங்க சமாதானத்துக்குக் காத்திருப்பிய. தண்ணி காத்திருக்குமா?" என்று கேட்டுவிட்டு நீ மறுபடியும் கரை ஏறினாய். அதிலிருந்து வருஷாவருஷம் புரட்டாசிக் கடைசியில் உன் திட்டு. இரண்டு தெருவும் இரண்டு முனையிலிருந்து மண் சுமந்து வந்து நடுவில் மோதும். நடுவை மற்றவனுக்கு விட்டுக்கொடுக்க யாருக்கும் மனம் வராததால், அங்கே கரை இன்று இரண்டு யானைகள் எதிரெதிரே வந்து வழிவிட்டுப் போகும் அகலம். மழைக்காலத்தில் ஒரு தெரு காவலுக்கு ஆள் போட்டால், அவனை நம்பாமல் அடுத்த தெருவும் ஆள் போடும். மதராஸ் ராஜதானியில் கவர்னர் பங்களாவுக்குக்கூட அத்தனை காவல் கிடையாது.

அக்கா, இன்று காலை நான் ஏறினேன். சிம்மக் குரல் என்று நானே ஊரெல்லாம் பரப்பிவைத்த குரலில் உன் தெருவைத் திட்டினேன். ஒரு கொக்கு பறந்தது. வேறு ஒன்றும் நடக்கவில்லை. ஒருவரும் வராமல் போனால் இந்த வருஷத்து மழையில் உன் வீடு என்ன ஆகும் என்று நினைத்தேன். அந்த நினைப்போடேயே இன்னொரு தடவை திட்டினேன்.

உன் மகன் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான்.

"எங்கம்மை திட்டுனா நண்டு வளைய விட்டு ஓடும். நீங்க என்ன மாமா, தாலாட்டா பாடுதிய?"

சொல்லிவிட்டு மேற்கே திரும்பி எங்கள் தெருவை ஒரு திட்டுத் திட்டினான். எங்கள் பாட்டனார் வரைக்கும் போனான். கதவுகள் படபடவென்று திறந்தன. உன் தெருவும் சும்மா இருக்குமா? நாட்டாமைகள் இருவரும் தூரத்தில் நின்று, "கேஸு முடியலடே!" என்று கத்தினார்கள்.

"கேஸு நடக்கட்டும் அண்ணாச்சி! தீர்ப்பக் கேக்க ஊர் இருக்கணும்லா!" என்றேன்.

சாயங்காலம் வரை மண் விழுந்தது. சமாதானத்துக்கு இன்னும் யாரும் வாய் திறக்கவில்லை. என்னிடம் மிச்சமிருப்பது உன் வசவுகள்தான். நாளைக்குத் தேவை என்பதால் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். இதை எழுதும்போது கிழக்கே மேகம் கறுத்து ஏறுகிறது. எழுந்து வாசலுக்குப் போய் அதைப் பார்த்து ஒன்று சொல்லிவிட்டு வந்தேன்:

"ஏலே, வாலே பாப்போம்!"

உன் தம்பி