நிலை சரியில்லை

கள்ளக்குறிச்சி
11.10.1987

அன்புள்ள பச்சையம்மாளுக்கு இளஞ்செழியன் எழுதுவது. உடம்புக்கு நான் நன்றாக இருக்கிறேன். நீயும் மாமாவும் நலமாக இருக்க வேண்டும். நீ கோபித்துக்கொண்டு கச்சிராயபாளையத்துக்குப் போய் இன்றோடு பதினாறு நாள். பஸ் ஓட ஆரம்பித்தும் ஒரு கடுதாசிகூட வரவில்லை.

மேஸ்திரி அம்மாசியைக் குறை சொல்ல முடியாது. நாம் கட்டும் புது வீட்டுக்கு ஓடு ஏற்ற உளுந்தூர்பேட்டை போன நான், மறியலில் ரோடெல்லாம் மரத்தை வெட்டிப் போட்டதால் ஒரு வாரம் லாரியோடு மாட்டிக்கொண்டேன். சைக்கிளில் நம் ஊர் திரும்பிய ஒருவரிடம் உனக்குச் சீட்டு கொடுத்தனுப்பினேன். ‘நிலை சரியில்லை. நான் வரும்வரை பூச்சுவேலை வேண்டாம்.’ ஊர் நிலைமையைத்தான் எழுதினேன். நீ அதை அம்மாசிக்குப் படித்துக் காட்டிவிட்டு வாடகை வீட்டுக்குச் சமைக்கப் போய்விட்டாய். அவர் வாசல் நிலையைச் சொல்வதாக நினைத்துக்கொண்டார். தூக்குக்குண்டு விட்டு மூன்று முறை பார்த்தாராம், நேராகத்தான் இருந்ததாம். “எழுத்துலயே குடுத்துட்டாரு, நாம இன்னா சொல்றது” என்று சுவரை இடித்து, நிலையைப் பெயர்த்துத் தெருவில் போட்டுவிட்டார்.

தெருவில் கிடக்கும் மரத்தை மறியல்காரர்கள் சும்மா விடுவார்களா? தூக்கிப்போய் கச்சிராயபாளையம் ரோட்டில் குறுக்கே போட்டுவிட்டார்கள். பஸ் இல்லாமல் உன்னைப் பார்க்க நடந்தே வந்த மாமா, அதைத் தாண்டித்தான் வந்திருக்கிறார். அத்தை உயிரோடிருந்தபோது நட்ட வேம்பை வெட்டி இழைத்து, அவர் கையாலேயே வைத்துக் கொடுத்த நிலை.

மறுநாள் நான் வந்து விஷயத்தைக் கேட்டதும் சிரித்துவிட்டேன். அம்மாசியும் சிரித்தார். மாமா சிரிக்கவில்லை. அதோடு நிறுத்தினேனா? “பத்தாவது படிச்சவதான, இதுகூடவா புரியல?” என்று மாமா முன்னாலேயே உன்னைக் கேட்டேன். “ஒரு கட்டைக்குப் போயி இன்னாத்துக்கு இவ்ளோ அழுவுற?” என்றும் சொன்னேன்.

எழுதியவன் நான். ‘ஊர்’ என்று ஒரு வார்த்தை சேர்த்திருந்தால் தீர்ந்தது. பழியைப் படித்தவள் மேல் போட்டேன். உன் அம்மா நட்ட மரத்தைக் கட்டை என்றேன். அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை, பச்சை.

நிலையைத் தேடி எடுத்து வந்துவிட்டேன். அதன் ஒரு காலில் லாரி ஏறிய தழும்பு இருக்கிறது, இழைத்தும் போகவில்லை. வாசல் திறந்து கிடந்ததில் தெரு ஆடுகளெல்லாம் நமக்கு முன்னால் குடிபுகுந்துவிட்டன. அடுப்படி முழுக்கப் புழுக்கை. நீ இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். நான் தனியாகப் பெருக்கித் தள்ளினேன்.

ஐப்பசி பிறந்ததும் நிலை வைக்கலாம் என்கிறார் அம்மாசி. மாமாதான் வைக்க வேண்டும், நீதான் மஞ்சள் பூச வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். நேரில் வந்து மாமா காலில் விழுகிறேன். வரலாம் என்று ஒரு வரி எழுது, போதும்.

இந்த முறை யார் படித்தாலும் தப்பாகப் புரியாதபடி எழுதுகிறேன். வாசல் நிலை சரியாகத்தான் இருந்தது. நீ போனதிலிருந்து என் நிலைதான் சரியில்லை. வந்துவிடு.

வாசலைப் பார்த்தபடி,
இளஞ்செழியன்