மெதுவாகச் சுற்றும் ஒரு ஃபேன்

எம். புதுப்பட்டி
12 மார்ச் 2025

மச்சானுக்கு,

ரோஜா எழுதுகிறேன். உறையைப் பார்த்ததும் வக்கீல் நோட்டீஸ் என்று பயந்திருப்பீர்கள். இல்லை, இது ஒரு கம்ப்யூட்டர் பற்றி.

போன் செய்திருக்கலாம். ஆனால் போனில் நாம் மூன்றாவது நிமிடத்தில் சண்டைக்கு வந்துவிடுகிறோம். யார் முதலில் வைத்தது என்பது அடுத்த சண்டை. எழுதினால் ஒருவர் சொல்லி முடிக்கும்வரை இன்னொருவர் காத்திருந்துதான் ஆக வேண்டும்.

எனக்கு ஒரு வேலை கிடைத்திருக்கிறது. விருதுநகர் மிளகாய் வத்தல் கிட்டங்கிகளில் காம்பு கிள்ளிய வயதான பெண்கள் பேசியதை ஒரு கல்லூரியில் ஒலிப்பதிவு செய்து வைத்திருக்கிறார்கள். அதைக் கேட்டு எழுத்தில் கொடுக்க வேண்டும். பல் போன வாய், பின்னால் கோழி, நடுநடுவே வத்தல் இருமல். காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தால்தான் ஒரு சொல் பிடிபடும். சிவகாசியில் பழையதாக வாங்கிய கம்ப்யூட்டரோ மேட்டில் ஏறுகிற லாரி மாதிரி இரைந்தது. போன வாரம் ‘டப்’ என்று ஒரு சத்தம் போட்டு, அதோடு அடங்கிவிட்டது.

சத்தமே இல்லாத ஒன்று வேண்டும். இருபத்தைந்தாயிரத்துக்குள் முடிய வேண்டும். எந்தெந்தப் பாகம் வாங்குவது என்று உங்களைத் தவிர யாரைக் கேட்பேன்?

இன்னொன்றும் உண்டு. ஆடிக்கு அழைத்து வந்த பெண் மாசி வந்தும் அம்மா வீட்டிலேயே இருந்தால் ஊர் என்னவெல்லாம் கேட்கும் என்று உங்களுக்குத் தெரியும். வைகாசியில் உங்கள் அண்ணனும் என் அப்பாவும் உட்கார்ந்து பேசப் போகிறார்கள். சேர்த்து வைப்பார்கள், இல்லையென்றால் தீர்த்துவிடுவார்கள். நான் என்ன சொல்வது என்று இன்னும் எனக்கே தெரியவில்லை. அதற்கும் இந்தக் கம்ப்யூட்டருக்கும் சம்பந்தம் கிடையாது.

ரோஜா


சென்னை
18 மார்ச் 2025

ரோஜாவுக்கு,

வக்கீல் நோட்டீஸ் என்றுதான் நினைத்தேன். பிரிக்காமல் இரண்டு மணி நேரம் கீபோர்டுக்கு அடியில் வைத்திருந்தேன். கடையில் கூட வேலை பார்க்கிற விக்னேஷ்குமார், “என்னண்ணே, லவ் லெட்டரா?” என்றான். “இல்லலே, கொட்டேஷன் கேட்டு வந்திருக்கு” என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். பிரித்தால் அதுவேதான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஃபேனே இல்லாமல் கம்ப்யூட்டர் செய்யலாம், ஊட்டியில் இருந்தால். புதுப்பட்டி சித்திரை வெயிலில் அது தாங்காது. ஒரு ஃபேன் வேண்டும், ஒன்று போதும். சின்ன ஃபேன்தான் கத்தும். பெரியது அதே காற்றை நிதானமாகத் தள்ளும்.

ஃபேனுக்கு வேலை வைக்காமல் இருப்பதில்தான் சாமர்த்தியம். ஆபீஸ்களில் கழித்துப் போடுகிற சின்னப் பெட்டிகளில் முப்பத்தைந்து வாட் ப்ராசஸர் ஒன்று வரும். டைப் அடிக்கவும் ஒலி கேட்கவும் அதுவே தாராளம், சூடும் ஆகாது. கிராபிக்ஸ் கார்டு உனக்கு வேண்டாம். ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் எஸ்.எஸ்.டி. போட்டால் உள்ளே சுற்றுவதற்கு எதுவும் இருக்காது. கண்ணாடி வைத்து வண்ண விளக்கு எரிகிற கேபினெட்டை யாராவது காட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடு. கனமான தகரம்தான் அதிராது.

பழைய கம்ப்யூட்டரைத் திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்து எழுது. வைக்கப்போகிற அறையைப் பற்றியும் எழுது. ஜன்னல் எந்தப் பக்கம், நீ எவ்வளவு தள்ளி உட்காருவாய், எல்லாமும் வேண்டும்.

சத்தமே இல்லாத என்கிறாய். நம் சென்னை அறையிலும் அதையேதான் சொன்னாய். எதற்கு என்று நான் அப்போது கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன்.

முனியராஜ்


எம். புதுப்பட்டி
25 மார்ச் 2025

மச்சானுக்கு,

திறந்தேன். ஜன்னல் வெயில் அதற்குள் விழுந்தது. பச்சைப் பலகை முழுக்க வெள்ளிப்பொடி, அவ்வளவு மெல்லியதாக, அவ்வளவு மினுக்கமாக. செத்துப்போன கம்ப்யூட்டருக்குள் ஒரு வானம் இருந்தது.

அம்மா பட்டாசுக் கம்பெனிக்குக் கட்டிப்போகிற சேலையிலிருந்து வந்த அலுமினியப் பவுடர் அது. அந்தச் சேலையை நான் கம்ப்யூட்டருக்கு மேலே இருக்கிற கொடியில்தான் போட்டுக்கொண்டிருந்தேன். அதன் ஃபேன் ஆறு மாதமாக அதை உள்ளே இழுத்திருக்கிறது. அந்தப் பொடியில் கரண்ட் பாயும் என்பதை இந்த ஊரில் பிறந்த நான் மறந்துவிட்டேன், பாருங்கள்.

அறை பத்துக்கு எட்டு. ஜன்னல் மேற்கே. வெளியே ஒரு வேம்பு, அதற்கப்பால் கரிசல், கடைசியில் கம்பெனியின் வெள்ளை அறைகள் தள்ளித் தள்ளி. மத்தியானம் அவை வெயிலில் மிதப்பது போலத் தெரியும். நான் கையெட்டும் தூரத்தில் உட்காருவேன்.

எதற்கு என்று கேட்டீர்கள். பள்ளிக்கூடத்தில் நாங்கள் எல்லோரும் ஒரு காதால்தான் பாடம் கேட்போம். இன்னொரு காது அந்த வெள்ளை அறைகளின் பக்கம் இருக்கும். ஒன்றும் கேட்கவில்லை என்றால் எல்லோருடைய அம்மாவும் நன்றாக இருக்கிறார்கள் என்று அர்த்தம். மணி அடிக்கும்வரை ஒன்றுமே கேட்காமல் இருந்தால் அது நல்ல நாள். இப்போதும் அம்மா அங்கேதான் போகிறாள். சென்னையிலிருந்து எனக்கு எதுவும் கேட்காதுதான். ஆனால் அது காதுக்குத் தெரியவில்லையே. நம் அறையில் நீங்கள் பழுது பார்க்கக் கொண்டுவந்த எட்டு கம்ப்யூட்டர் ஓடும்போது அந்த இன்னொரு காதை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

இதை உங்களிடம் சொல்லாமல், “அணைங்க, அணைங்க” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ரோஜா


சென்னை
6 ஏப்ரல் 2025

ரோஜாவுக்கு,

சிவகாசி பார்சல் ஆபீஸில் உன் பெயருக்கு ஒரு பெட்டி வரும். ப்ராசஸர், போர்டு, ரேம், எஸ்.எஸ்.டி., கேபினெட், எல்லாவற்றுக்கும் கரண்ட் பிரித்துக் கொடுக்கிற ஒரு எஸ்.எம்.பி.எஸ். அந்த எஸ்.எம்.பி.எஸ்.ஸில் ஒரு ஃபேன் இருக்கிறது, ஆனால் சூடு ஏறாமல் அது சுற்றாது. உனக்கு அது ஆயுசுக்கும் சுற்றாது. நீ கேட்ட பணத்துக்குள் எல்லாம் அடங்கிவிட்டது. காற்றுக்கான ஃபேன் மட்டும் பாக்கி, இன்னும் சரியானது அமையவில்லை. அது வலை போட்ட முன்பக்கத்திலிருந்து காற்றை உள்ளே தள்ள வேண்டும். உள்ளிருந்து காற்று வெளியே போய்க்கொண்டே இருந்தால், இண்டு இடுக்கு வழியாக வெள்ளி நுழையாது. அத்தையின் சேலையை வெளியே காயப்போடு.

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். பதிலுக்கு நானும் ஒன்று சொல்ல வேண்டும் போலிருக்கிறது.

சிவகாசியில் எங்கள் வீடு ஒரு பிரஸ்ஸுக்குப் பின்சுவர். அப்பா அங்கே மெஷினுக்குப் பேப்பர் கொடுப்பவர். தீபாவளி லேபிள், காலண்டர், எல்லாம் அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தான். நான் தொட்டிலில் கேட்டதே அந்தத் தடக்தடக்தான். மெஷின் நின்றால் ஆர்டர் இல்லை என்று அர்த்தம். சத்தம் நின்ற அன்று அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள், உலை வைக்க மாட்டாள். எனக்கு ஏழு வயதாகும்போது ஒரு தடவை பதினொரு நாள் நின்றது.

நீ ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு போனாய். நான் பின்னாலேயே வந்து ஒவ்வொன்றாகப் போட்டேன். வேண்டுமென்று செய்கிறேன் என்றாய். வேண்டுமென்று செய்யவில்லை.

முனியராஜ்


எம். புதுப்பட்டி
20 ஏப்ரல் 2025

மச்சானுக்கு,

பெட்டி வந்தது. போன ஞாயிற்றுக்கிழமை பிரித்தேன், அம்மாவும் வீட்டில். நான் போர்டைக் கையில் எடுக்கப் போனேன், அவ்வளவுதான்.

“ஏத்தா, நைலான் சேலையக் கட்டிக்கிட்டா அதத் தொடப்போற? கரண்டு ஒஞ் சேலையிலயே இருக்குல்ல!”

“அம்மா, இது மருந்து இல்லம்மா.”

“எதா இருந்தா என்ன? போயி பருத்தியக் கட்டு. செருப்பக் கழட்டு. அந்தக் குழாயத் தொட்டுட்டு வா.”

அம்மாவின் கம்பெனியில் வாசலில் ஒரு செம்புத் தகடு இருக்கிறது. அதைத் தொட்டு உடம்பின் மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் வெடிமருந்து அறைக்குள் போவார்கள். பெட்டிக்குள் நீங்கள் அரைப்பக்கம் எழுதி வைத்திருந்த எச்சரிக்கையை, படிக்கத் தெரியாத அம்மா ஏற்கெனவே முப்பது வருடமாகச் செய்துகொண்டிருக்கிறாள். ஆனால் நான் சேலை மாற்றி வருவதற்குள் ஒரு காரியம் செய்துவிட்டாள். மருந்து அறையில் தரையை ஈரமாக வைக்கிற பழக்கத்தில், மேஜை மேல் நனைந்த சாக்கை விரித்து அதன் மேல் உங்கள் போர்டை வைத்திருந்தாள். அப்பா தலையில் அடித்துக்கொண்டார். “ஏம்ளா, கம்ப்யூட்டருக்கு நாத்தா பாவுற?” என்று கத்தினார். கரண்ட் கொடுக்கவில்லை, தப்பித்தது. இரண்டு நாள் நிழலில் காயவைத்துப் பிறகு பூட்டினேன்.

பதினொரு நாள் என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியிலிருந்து என்னால் நகர முடியவில்லை. ஒரு வீட்டுக்கு நிம்மதியாக இருப்பது இன்னொரு வீட்டுக்குப் பட்டினியாக இருந்திருக்கிறது. நடுவே பன்னிரண்டு கிலோமீட்டர் கரிசல்தான்.

சில நேரம் ஜன்னலில் உட்கார்ந்து, அந்தச் சின்னப் பையன் சுவரில் காதை வைத்திருப்பதை நினைத்துக்கொள்கிறேன். எனக்கும் அப்போது அதே வயதுதான். நானும் காதை வைத்துக்கொண்டுதான் இருந்தேன்.

ரோஜா


சென்னை
4 மே 2025

ரோஜாவுக்கு,

இதோடு ஃபேன் வருகிறது. சாப்பாட்டு நேரத்தில் ஸ்டாக் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒவ்வொன்றாகக் காதில் வைத்துப் பார்த்தேன். ஒன்று மாவு மில். ஒன்று விசில் அடித்தது. ஒன்றுக்குப் பல்லி மாதிரி ஒரு டிக். இந்த நாலாவது சுற்றுகிறதா என்று தெரிந்துகொள்ளப் பேப்பர்த் துண்டு பிடிக்க வேண்டியிருந்தது. விக்னேஷ்குமார் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, “அண்ணே, டாக்டருக்குப் படிக்கீகளா?” என்றான்.

திருகாணி போடாதே. கூட வைத்திருக்கிற ரப்பர் முளையில் மாட்டு. நிமிடத்துக்கு அறுநூறு சுற்று என்று செட்டிங்கில் கட்டிப்போடுவது எப்படி என்று தனித்தாளில் எழுதியிருக்கிறேன்.

இனி உன் கம்ப்யூட்டருக்கு வாங்க ஒன்றும் இல்லை. அதனால் மற்றதை இப்போதே எழுதிவிடுகிறேன்.

நாலு ஞாயிற்றுக்கிழமையாக மத்தியானம் அறையில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு உட்கார்ந்து பார்த்தேன். உனக்காகப் பழகிக்கொள்ளலாம் என்று. முதல் வாரம் பத்து நிமிடம். போன வாரம் இருபது. அதற்கு மேல் முடியவில்லை. எழுந்து போய் மிக்ஸியைப் போட்டேன், உள்ளே ஒன்றும் இல்லாமல். நான் மாறிவிட்டேன் என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன்.

வைகாசிப் பேச்சுக்கு நான் வரவில்லை. நீ என்ன சொன்னாலும் எனக்குச் சம்மதம் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டேன். தீர்த்துவிடலாம் என்று சொன்னாலும்.

முனியராஜ்


எம். புதுப்பட்டி
26 மே 2025

மச்சானுக்கு,

கம்ப்யூட்டர் இரண்டு வாரத்துக்கு மேலாக ஓடுகிறது. ஓடுகிறதா என்று அம்மா தினமும் ஒரு தடவை அதன் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறாள். முதல் நாள் ஒரு பாட்டியின் பேச்சைப் போட்டேன். பேச ஆரம்பிக்குமுன் அவள் எச்சில் விழுங்குவது கேட்டது. அதற்கு முன்னால், யாரோ ஒரு பெண் தள்ளி உட்கார்ந்து வத்தல் காம்பு கிள்ளுகிற சத்தம். தொண்ணூற்றாறு நிமிடமும் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. கிள்ளிக்கொண்டே இருந்தாள். அவளையும் எழுத்தில் சேர்த்திருக்கிறேன்.

நேற்றுப் பேச்சு நடந்தது. உங்கள் பெத்தணன் அண்ணன் வெற்றிலையைக்கூடத் தொடவில்லை. “இருக்கியா, தீர்க்கவா? ஒத்த வார்த்தையில சொல்லுத்தா” என்றார். ஒற்றை வார்த்தையில் வராது என்றேன். நான் இங்கேயே என் அறையில் இருப்பேன். நீங்கள் வரச் சம்மதித்தால், சிவகாசியில், உங்களுக்குத் தூக்கம் வருகிற மாதிரி ஒரு வீட்டில் இருப்பீர்கள். மற்றபடி நாம் புருஷன் பெண்டாட்டிதான் என்று சொல்லிவிட்டேன்.

அண்ணன் அப்பாவைப் பார்த்தார். “புருசன் சிவகாசியில, பொண்டாட்டி புதுப்பட்டியில. சங்கையா மாமா, இது குடும்பமா, டவுன் பஸ்ஸா?”

அடுப்படியிலிருந்து அம்மாதான் வந்தாள். “விடியக் கருக்கல்ல கம்பெனி வண்டியேறுனா பொழுதடையத்தான் வாரேன். இந்த மனுசன் மூஞ்சிய ஞாயித்துக்கிழமதான் வெளிச்சத்துல பாக்கேன். முப்பது வருசம் ஆச்சு. எங்களுதக் குடும்பமில்லம்பீகளா?”

அண்ணன் வெற்றிலையை எடுத்துக்கொண்டார்.

சிவகாசி பிரஸ்களில் கம்ப்யூட்டர் பழுது பார்க்க ஆள் தேடுகிறார்கள். இரண்டு இடத்தில் விசாரித்து வைத்திருக்கிறேன். நீங்கள் சென்னையை விட வேண்டியிருக்கும், கேட்பது பெரிதுதான். மாறிவிட்டேன் என்று நீங்கள் பொய் சொல்லியிருந்தால் கேட்டிருக்க மாட்டேன்.

ரோஜா


சிவகாசி
11 ஜூன் 2025

ரோஜாவுக்கு,

மேலே ஊர்ப் பெயரைப் பார்த்திருப்பாய். நேற்றுத்தான் வந்தேன். நீ சொன்ன இரண்டாவது பிரஸ்ஸில் திங்கட்கிழமையிலிருந்து வேலை.

வீடும் பார்த்துவிட்டேன். வீட்டுக்காரர் தயங்கித் தயங்கி, “தம்பி, பக்கத்துலயே கட்டிங் மெஷின் ஓடும், கொஞ்சம் சத்தமா இருக்கும், பரவால்லையா?” என்றார். நான் சிரித்ததை அவர் எப்படி எடுத்துக்கொண்டாரோ தெரியவில்லை. சாவியைக் கொடுத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸில் புதுப்பட்டி வருகிறேன். அத்தையிடம் சொல், பருத்திச் சட்டைதான் போட்டு வருவேன்.

உன் அறையில் எவ்வளவு நேரம் உட்கார முடியும் என்று எனக்கே தெரியாது. அரை மணி நேரம் என்று வைத்துக்கொள். நடுவில் நான் எழுந்து வெளியே போனால் கோபித்துக்கொண்டு போகிறேன் என்று நினைக்காதே. பஸ் ஸ்டாப் டீக்கடையில் கொஞ்சம் இரைச்சல் கேட்டுவிட்டுத் திரும்பி வருவேன்.

முனியராஜ்