பக்கத்து சீற் மெக்கானிக்

இன்று காலை சாப்பாட்டுப் பையையும் லாப்டொப்பையும் பக்கத்து சீற்றில் வைத்தேன். கார் கத்தத் தொடங்கிவிட்டது. அதற்கு ஆள் வேறு, பை வேறு என்று தெரியாது. சீற்றில் பாரம் இருந்தால் பெல்ற் போடச் சொல்லும். ஸ்டீல்ஸ் வீதிச் சிக்னல் வரைக்கும் பொறுத்துப் பார்த்தேன். பிறகு எட்டி, பைகளுக்குக் குறுக்கே பெல்ற்றை இழுத்துப் பூட்டிவிட்டேன். நீர் கண்டிருந்தால், "சோத்துப் பாசலுக்கு பெல்ற் போட்ட முதல் ஆள் நீங்கள்தான் அண்ணை" என்று மிசிசாகா வரைக்கும் சிரித்திருப்பீர்.

404 ஹைவேயில் இடது கரையில், இரண்டு பேராவது இருக்கிற கார்களுக்கென்று ஒரு லேன் விட்டிருக்கிறார்கள். பதினொரு வருடம் அதில் நாங்கள் மகாராசாக்கள் போலப் போனோம். மில்லிக்கனில் உம்முடைய வீட்டு வாசலில் ஏற்றி, மிசிசாகாவில் உம்முடைய ஒபிஸில் இறக்கி, இரண்டு சிக்னல் தள்ளி என்னுடைய ஒபிஸுக்குப் போவேன். பனிக்காலத்தில் ஒரு லொறி உம்முடைய காரைச் சுழற்றி அடித்ததற்குப் பிறகு நீர் ஹைவேயில் ஸ்ரியறிங் பிடித்ததில்லை. இறங்கும்போது நன்றி சொல்ல வாயெடுப்பீர். நான் விடமாட்டேன். "உம்மை ஏத்துறது லேனுக்காகத்தான் ஐசே. நன்றியை ரோட்டுப் போட்டவனுக்குச் சொல்லும்."

பகிடிதான். ஆனால் ஒரே பகிடியைப் பதினொரு வருடம் கேட்கிற மனுசன் அதை நம்பத் தொடங்கிவிடமாட்டானா? நீர் போன நாளிலிருந்து இந்த ஒரு கேள்விதான் என்னைப் போட்டு அரிக்கிறது.

எனக்குப் பந்தயக் கார்ப் பைத்தியம். ஓட்டியது என்னவோ கதவு கிறீச்சிடுகிற பழைய வாகனம். அடுத்து வருகிற 401 ஹைவேயில் ஆமையோடு போட்டி போட்டுக்கொண்டு, இங்கிலாந்தில் இருந்த ஒரு சின்ன ஸ்போர்ட்ஸ் கார் கொம்பனியின் கதையை நாளுக்கு ஒரு துண்டாக உமக்குச் சொன்னேன். தையல் மெசின் திருத்திக்கொண்டிருந்த ஒருவன் தன் கூட்டாளியோடு சேர்ந்து, வீட்டுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டிலில் பழைய இரும்பைப் பொறுக்கிச் செய்த முதல் கார். விற்பதற்கு அவன் செய்யவில்லை, ஓடுவதற்குத்தான் செய்தான். அடுத்த பந்தயத்துக்குப் போக வழியில்லாமல் போனபோது, ஓடிக் களைத்த காருக்கு விளக்கும் மட்காட்டும் பூட்டி வீதிக்கு விற்றான். வாங்கினவன் ஊரெல்லாம் காட்டிக்கொண்டு திரிந்தான். இன்னும் நாலு பேர் வந்து கேட்டார்கள். அந்தக் கொம்பனி அப்படித்தான் பிறந்தது. "அப்ப அவன் கடைக்காரன் இல்லை அண்ணை, உங்களைப் போலை ஒரு விசரன்" என்றீர்.

உமக்கு மிகவும் பிடித்த துண்டு அந்தக் கூட்டாளியைப் பற்றியது. அந்தக் காலத்துப் பந்தயக் காரில் இரண்டு பேர் இருப்பார்கள். ஒருவன் ஓட்டுவான். பக்கத்தில் மெக்கானிக் இருந்து, கையால் பம்ப் அடித்து எஞ்சினுக்குப் பெற்றோல் அனுப்புவான், பின்னால் யார் நெருக்கிக்கொண்டு வருகிறான் என்று திரும்பிப் பார்த்துச் சொல்லுவான். அந்தக் கூட்டாளிதான் நம்முடைய ஆளுக்கு மெக்கானிக். அன்று முதல் நீரும் அந்த வேலையை எடுத்துக்கொண்டீர். நான் லேன் மாற சிக்னல் போட்டால் முழு உடம்பையும் திருப்பிப் பின்னால் பார்ப்பீர். "வரலாம் அண்ணை, ஒருத்தரும் இல்லை." கண்ணாடியில் நான் ஏற்கெனவே பார்த்திருப்பேன். என்றாலும் நீர் சொல்லும்வரை திருப்பமாட்டேன்.

பிறகு பந்தயச் சட்டம் மாறியது. மெக்கானிக் ஏறக்கூடாது, ஆனால் அவனுடைய சீற் காரில் இருக்கவேண்டும் என்றார்கள். உமக்குக் கோபம் வந்துவிட்டது. "உது என்ன சட்டம் அண்ணை? ஆளில்லாட்டி சீற்றைக் கழட்டிப்போட்டு ஓடலாம்தானே?" ஏன் அப்படி வைத்தார்கள் என்று எனக்கும் சரியாகத் தெரியவில்லை. கூட்டாளி கரையில் நின்று கை காட்ட, நம்முடைய ஆள் தனியே ஓடினான் என்று மட்டும் சொன்னேன்.

கொம்பனி கடனில் விழுந்து கைமாறி, வாங்கியவர்கள் பந்தயத்தையே நிறுத்திவிட்ட கட்டத்தை நான் இழுத்தடித்தேன். உமக்கு அது பிடிக்கவில்லை, "திரும்ப எப்ப ஓடுவினம்?" என்று நச்சரித்தீர். போன ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை, அவர்கள் திரும்பப் பந்தயத்துக்கு வருகிற இடத்துக்கு வந்து சேர்ந்தோம். உம்முடைய வீட்டு வாசலும் வந்துவிட்டது. மிச்சம் திங்கட்கிழமை என்றேன். ஞாயிறு மத்தியானம் நெஞ்சு நோகிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போன நீர் திரும்பி வரவில்லை.

என் மனைவி போய் ஆறு வருடம். மகள் வன்கூவரில். இந்த ஊரில் என் குரலை ஒழுங்காகக் கேட்டுக்கொண்டிருந்த ஒரே ஆள் நீர். இப்போது மற்ற லேனில் நின்று நின்று போகிறேன். இடது பக்கத்தால் இரண்டு தலைகள் உள்ள கார்கள் விர்ரென்று போகின்றன. ஒருநாள் மிச்சக் கதையைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். இரண்டு வசனத்துக்கு மேல் வரவில்லை. நல்ல தனிமை ஐசே, எதிரிக்கும் வரக்கூடாது.

முப்பத்தோராம் நாள் காரியத்துக்கு வந்து உம்முடைய வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, உம்முடைய மனைவி பக்கத்தில் வந்து நின்றா. "ஒண்டு சொல்லவேணும் அண்ணை. கொரோனாவுக்குப் பிறகு அவருக்குக் கிழமைக்கு ரெண்டு நாள் ஒபிஸுக்குப் போனால் காணும். மற்ற மூண்டு நாளும் வீட்டிலை இருந்து வேலை செய்யலாம். ஏன் போறியள் எண்டு நான் ஏசுவன். 'அக்கா செத்தாப் பிறகு அண்ணை வாய் திறக்கிறது காருக்கை மட்டுந்தான், நான் போகாட்டி அதுவும் இல்லை' எண்டுபோட்டு வெளிக்கிட்டிடுவார்."

முதலில் எனக்கு வந்தது கோபம். மூன்று வருடம்! "மனுசரை உப்பிடி ஒவ்வொரு நாளும் வதைக்கிறாங்களே" என்று உம்முடைய ஒபிஸ்காரரை நான் எத்தனை தரம் திட்டியிருப்பேன்! நீர் பாவம் போலத் தலையாட்டிக்கொண்டு இருந்தீர், கள்ளன். அன்று காருக்குள் வந்து இருந்து அழுதேன். வெளிக்கிட வெகுநேரம் பிடித்தது.

ஒபிஸுகள் திரும்பத் திறந்த கிழமை நான்தான் உமக்குப் போன் எடுத்தேன்.

"எத்தினை நாள் வரச்சொல்லியிருக்கிறாங்கள்?"

"அஞ்சு நாளும் அண்ணை. உங்களுக்கு?"

"எனக்கும் அஞ்சுதான்."

"அப்ப வழமை போலை ஏழு மணிக்கு."

எனக்கும் இரண்டு நாள்தான் ஐசே. மற்ற நாட்களில் வீட்டிலிருந்து வேலை செய்யலாம் என்று கடிதமே தந்திருந்தார்கள். ஹைவேக்குப் பயந்த மனுசன் ஐந்து நாளும் பஸ் மாறி, ரெயின் மாறி, குளிருக்குள் எப்படிப் போய்ச்சேருவார் என்று நினைத்துத்தான் நானும் ஐந்து என்றேன். கிழமையில் மூன்று நாள் போகத் தேவையே இல்லாத இரண்டு பேர், ஒருவனுக்காக ஒருவன், மூன்று வருடமாக 401 நெரிசலில் நின்றிருக்கிறோம்.

உம்முடைய மனைவிக்கு இதைச் சொல்ல வாய் வரவில்லை. நாளைக்கும் ஒபிஸில் என்னை யாரும் எதிர்பார்க்கவில்லை. வீட்டில் இருக்க முடியாது, ஏழு மணிக்கு வெளிக்கிடுவேன். தகரக் கொட்டில் தொடங்கி அந்தக் கொம்பனியின் கதையைத் துண்டு துண்டாக உமக்குச் சொல்லிக்கொண்டே போனேன். உம்மை ஏற்றியது லேனுக்காக இல்லை என்பதை மட்டும் ஒருநாளும் சொல்லவில்லை.