பிள்ளையாருக்குக் குட்டிக்க முடியுதா?

அக்கா,

இன்றும் வெந்நீர்க் குவளையில் ஸ்கேன் ஜெல்லை நிற்க வைத்துவிட்டுத்தான் முதல் ஆளைக் கூப்பிட்டேன். "சில்லுன்னு பட்டா பதறிப்போவாக" என்று நீங்கள் தொடங்கி வைத்த வழக்கம். நீங்கள் மறைந்து இரண்டு வருடம் ஆகிறது. குவளையில் ஆவி எழும்போதெல்லாம் உங்கள் ஞாபகம் வருகிறது. கூடவே என்மேலேயே கோபமும் வருகிறது.

காரைக்குடியில் நம் ஸ்கேன் அறை வாசலில் உட்கார்ந்து, ஆட்களை ஒவ்வொருவராக உள்ளே அனுப்பியவர் நீங்கள். ஒரு விநாயகர் சதுர்த்திக்கு எல்லோரும் பிள்ளையார்பட்டி போனோம். நாங்கள் நெற்றிப்பொட்டில் குட்டிக்கொண்டோம். நீங்கள் கும்பிட்டதோடு சரி. "ஏன்க்கா, பிள்ளையாருக்குக் குட்டிக்க முடியாதோ? சண்டையா?" என்று கேலி செய்தேன்.

"பொட்டுல கை வைக்க முடியல டாக்டரம்மா. சீப்பு பட்டாலே உசுரு போகுது. சோறு மென்னா தாடையும் கடுக்குது" என்றீர்கள்.

நோயின் அடையாளங்களை நீங்களே வரிசையாகச் சொல்லிவிட்டீர்கள். படித்த நான் தலைவலி மாத்திரை கொடுத்தேன். அடுத்த வாரம் உங்கள் வலது கண் இருண்டது. பொட்டில் ஓடும் தமனியில் அழற்சி, அதுவே கண்ணுக்குப் போகும் ரத்தத்தையும் அடைத்துவிட்டது என்று மதுரையில் கண்டுபிடிப்பதற்குள் இடது கண்ணும் போய்விட்டது.

நான் அழுதபோது அதட்டினீர்கள். "எதுக்கு அழுகுறீக? எனக்குப் போனது போகட்டும். என் பொட்டுல ஸ்கேன் கருவியை வச்சுப் பழகுங்க. அடுத்தவளுக்குப் போகக் கூடாது."

அப்படித்தான் பழகினேன். நூல் மாதிரி ஓடும் அந்தத் தமனியைத் தேடிப் பிடிக்க எனக்கு மாதக்கணக்கில் ஆனது. ஒரு நாள்கூட நீங்கள் சலித்துக்கொள்ளவில்லை. "தலையில் ஸ்கேனா? தமனியை வெட்டிச் சோதிக்காமல் மருந்தா?" என்று பெரிய டாக்டர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். வெட்டிப் பார்ப்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், கண் அதுவரை காத்திருக்காது.

போன மாதம் கல்லலிலிருந்து ஓர் அம்மா கழுத்து ஸ்கேனுக்கு வந்தார். பேச்சுவாக்கில் தலைவலி என்றார். "பிள்ளையாருக்குக் குட்டிக்க முடியுதா?" என்று கேட்டேன்.

"அதெப்படிக் கண்டுபிடிச்சீக?" என்று முழித்தார்.

கருவியைப் பொட்டில் வைத்தேன். தமனியைச் சுற்றிக் கறுப்பு வளையம், அழுத்தினாலும் மறையவில்லை. உங்களுக்கு வந்த அதே அழற்சி. அவரை அனுப்பிய டாக்டருக்கு போன் செய்தால், "சீட்டில் எழுதியதை மட்டும் பாருங்கள். மதுரைக்கு அனுப்புங்கள், மருந்தை அங்கே முடிவு செய்வார்கள்" என்றார்.

"அனுப்புகிறேன் சார், முதல் ஸ்டீராய்டு மாத்திரையை இங்கேயே விழுங்க வைத்துவிட்டு" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. அதற்காக நான் வருந்தவில்லை.

இன்று அந்த அம்மா தனியாகவே பஸ் ஏறி வந்தார். இரண்டு கண்ணும் நன்றாகத் தெரிகிறது. சுவரில் இருந்த பிள்ளையார் காலண்டரைப் பார்த்ததும் மூன்று முறை குட்டிக்கொண்டார், எனக்குச் சத்தம் கேட்கும்படி.

தலைவலி என்று வரும் வயதானவர்கள் எல்லோரிடமும் அதைக் கேட்கிறேன். யார் சிரித்தாலும் கேட்பேன். உங்களிடம் கேலியாகத்தான் கேட்டேன், அக்கா. இப்போது பதிலுக்காகக் கேட்கிறேன்.