கூப்பிட்டால் அடங்குகிற மிஷின்

என் மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

மண்ணுக்குள் படுத்திருப்பவர்களுக்கும் ஸலாம் சொல்ல வேண்டும் என்று நீங்கள்தான் சொல்வீர்கள். வெள்ளிக்கிழமை தோறும் கபுருஸ்தானுக்குப் போய்ச் சொல்லிவிட்டும் வருவீர்கள். நான் அங்கே வருவதற்கில்லை. புருஷனை இழந்தவள் இருக்க வேண்டிய இத்தாவில் இருக்கிறேன், வெளி ஆண்கள் கண்ணில் படாமல் கொல்லைக் கதவுக்கு இந்தப் பக்கமே கிடக்கிறேன். அதனால் ஸலாமைக் காகிதத்தில் சொல்கிறேன். யார் கையிலாவது கிடைத்துப் படித்தாலும் படிக்கட்டும். புருஷனுக்குப் பெண்டாட்டி எழுதுவதில் ஒளிக்க என்ன இருக்கிறது?

வீட்டில் இப்போது மரத்தூளே இல்லை. உங்கள் சட்டையிலும் தலையிலும் வந்து இறங்குகிற தூளைத் தினமும் திட்டிக்கொண்டே பெருக்குவேன். இப்போது விளக்குமாற்றை எடுத்தால் பெருக்க ஒன்றுமில்லை. உங்கள் மகள் மும்தாஜ் அதிகம் பேசுவதில்லை. நான் அழுதால் எழுந்து போய்விடுகிறாள்.

முந்தாநாள் அந்த இரண்டு பேரும் வந்துவிட்டார்கள். பெருநாள் கழித்து வாருங்கள், இரண்டையும் ஓட்டிப் பார்த்து ஒன்றை எடுத்துக்கொள்கிறேன் என்று நீங்கள் சொல்லி வைத்திருந்த மிஷின் ரம்பக்காரர்கள். ஒருவர் மதுரை, இன்னொருவர் கோயம்புத்தூர், ஆளுக்கொரு கம்பெனி. உங்கள் சொல்லை நம்பி மிஷினைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்து, நம் மர டிப்போ வாசலில் நின்று "முதலாளி இருக்காரா?" என்று கேட்டிருக்கிறார்கள். மரம் வெட்டுகிற ஆட்களுக்கு மேஸ்திரியாக இருக்கிற கருப்பையாதான் அவர்களுக்கு விஷயத்தைச் சொன்னானாம். அன்றைக்கு எனக்கு வந்து சொன்னதும் அவன்தான். பாவம், அவன் தலையெழுத்து அப்படி.

திருப்பி அனுப்பிவிடுங்கள் என்றேன். உங்களைக் கொண்டுபோன சாமானை என் வாசலில் வைத்துப் பார்க்க வேண்டுமா? உங்கள் தம்பி சரி என்றுதான் கிளம்பினார். கருப்பையா கொல்லைக் கதவில் தொங்குகிற சாக்குப் படுதாவுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றான்.

"அம்மா, நீங்க வாங்காட்டியும் அந்த ரம்பம் எங்கள விடாதும்மா. எல்லா டிப்போக்காரனும் அதுக்கு மாறிட்டான். வாடகைக்கு எடுத்தாவது நாங்க அதக் கொண்டுதான் மரத்துக்கு அடியில போய் நிக்கணும். எந்த மிஷினுங்கிறது மட்டுந்தான் உங்க கையில இருக்கு."

அன்றைக்கு ரெட்டியார்சத்திரத்துத் தோப்பில் ஓடியதும் வாடகை மிஷின்தான். பெரிய புளியமரம். சங்கிலி சுற்றுகிற அழகைப் பார்க்கிறேன் என்று நீங்கள் கிட்டத்தில் போய் நின்றீர்களாம். அடிமரம் நினைத்ததற்கு முன்னாலேயே விரிந்து, மரம் உங்கள் பக்கம் சாய ஆரம்பித்துவிட்டது. தூரத்தில் இருந்த கருப்பையா பார்த்துவிட்டுத் தொண்டை கிழியக் கத்தினானாம். நீங்கள் திரும்பவே இல்லையாம்.

அதிலிருந்து ஒரு நினைப்பு என்னை அரித்துக்கொண்டே இருந்தது, மச்சான். யாரிடமும் சொல்லவில்லை. சோறு ஆறுகிறது என்று நான் எத்தனை தடவை கத்தினாலும் "செத்த நேரம் இரு புள்ள, வாரேன்" என்பீர்களே. காதில் விழும், ஆனாலும் நகர மாட்டீர்கள். அன்றைக்கும் அப்படித்தானா? கருப்பையா கூப்பிட்டது கேட்டதா? கேட்டும், செத்த நேரம் என்று நின்றீர்களா? அப்படி நினைக்கும்போதெல்லாம் அழுகையைவிடக் கோபம்தான் வந்தது. உங்களுக்காக யாஸீன் ஓத உட்கார்ந்தாலும் பாதியில் உங்களோடு சண்டைக்குப் போய்விடுவேன்.

சரி, இரண்டையும் கொல்லையை ஒட்டிய நம் டிப்போவில் ஓட்டிக் காட்டச் சொன்னேன். படுதாவுக்குப் பின்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். உங்கள் தம்பி வெளியிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தார்.

"மதினி, மதுரைக்காரர் மிஷின் செவப்பு. நம்ம வேப்பங்கட்டைய வெண்ணெய் மாதிரி அறுக்குது. மத்தது மஞ்சள். கொஞ்சம் மெதுவுதான். செவப்பையே எடுத்துருவோம்."

"வெலயும் பெருசில்ல, வேலயும் சுருக்கா முடியும். இதவிட வேகம் வேற எதுலயும் வராதும்மா" என்றார் மதுரைக்காரர்.

"ஏனுங்க, வேகம் மட்டும் பார்த்தாப் போதுங்களா? நம்முது எத்தன வருசமானாலும் ஒழைக்குமுங்க" என்றார் கோயம்புத்தூர்க்காரர்.

பெண் வியாபாரத்துக்கு வந்துவிட்டாள் என்று இரண்டு பேரும் குரலை இனிப்பாக்கிக்கொண்டு பேசினார்கள். நீங்கள் இருந்திருந்தால் வாயைப் பொத்திச் சிரித்திருப்பீர்கள். நான் வேகத்தையும் கேட்கவில்லை, வருஷத்தையும் கேட்கவில்லை. "கருப்பையா, மிஷின் ஓடும்போது அந்தக் கோடியில நின்னு அன்னைக்குக் கத்துன மாதிரியே கத்து. மத்தவங்க யாரும் பேசக் கூடாது" என்றேன்.

"வேணாம்மா. என் வாயில அது வராது" என்றான். "நாளைக்கு உன் ஆளுக மரத்தடியில நிக்கப் போறாங்க. எனக்குத் தெரிஞ்சாகணும்" என்றேன். போனான்.

சிவப்பு மிஷினைக் கிளப்பினார்கள். சுவரே அதிர்ந்தது. கருப்பையா கத்துகிறான் என்று உங்கள் தம்பி கையைக் காட்டினாராம். எனக்கு ஒரு எழுத்துகூடக் கேட்கவில்லை. விசையிலிருந்து விரலை எடுக்கச் சொன்னேன். எடுத்த பிறகும் அந்த மிஷின் ஊளையிட்டுக்கொண்டேதான் இருந்தது. அது அடங்கியபோது அவன் கத்தி முடித்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான்.

அடுத்தது மஞ்சள். அதுவும் ஓடும்போது ஒன்றும் கேட்கவில்லை. எந்த மிஷினிலும் கேட்காது, மச்சான். "விரல எடுங்க" என்றேன். விரலை எடுத்ததும் அது சட்டென்று முனகலாகத் தணிந்தது. அந்த முனகலுக்கு மேலே சொல்லின் வால் மட்டும் வந்தது. "...குங்க!"

அணைத்துவிட்டார்கள். ஆனால் கருப்பையா நிறுத்தவில்லை. மிஷின் நின்றது அவனுக்குத் தெரியவில்லையோ, தெரிந்தும் முடியவில்லையோ. அந்த நிசப்தத்தில் அவன் குரல் முழுசாக வந்தது.

"மொதலாளி, வெலகுங்க! வெலகுங்க மொதலாளி!"

நான் விலகிவிட்டேன்.

யோசித்துச் செய்யவில்லை. நாற்காலி கவிழ்ந்து கிடந்தது, நான் சுவரோரம் ஒண்டி நின்றுகொண்டிருந்தேன். தலைக்கு மேல் கூரையைத் தவிர ஒன்றுமில்லை. அவன் கூப்பிட்டது என்னையும் இல்லை. ஆனாலும் அந்தக் குரல் காதில் விழுந்த பிறகு கால் ஒரு இடத்தில் நிற்காது. அதற்குச் செத்த நேரம் இரு என்று சொல்ல யாராலும் முடியாது.

அப்படியானால் உங்களுக்குக் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் விலகியிருப்பீர்கள். என்னையும் மும்தாஜையும் விட்டுவிட்டு நீங்கள் சும்மா நிற்கவில்லை. இத்தனை நாள் உங்களோடு போட்ட சண்டையை நினைத்து அந்தச் சுவரோரத்திலேயே உட்கார்ந்து அழுதேன். வெளியே கருப்பையாவும் அழுதான். இரண்டு கம்பெனிக்காரர்களும் என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார்களாம்.

மஞ்சளை எடுத்தாயிற்று. அதனால் மனசு ஆறிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். அதைக் கிளப்புகிற போதெல்லாம் எழுந்து உள்ளறைக்குப் போய்விடுகிறேன். வேறு வழி தெரியவில்லை.

ஒன்று மட்டும் உங்களுக்கு வாக்குக் கொடுக்கிறேன். மரம் சாய்கிற தறுவாயில் நம் டிப்போ மிஷின் ஓடாது. அணைத்துவிட்டு, மிச்சத்தை ஆப்பு வைத்து அடித்துத்தான் சாய்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன். அடுத்தவன் கூப்பிடுவது கேட்காத இடத்தில் நம் ஆள் ஒருவன்கூட நிற்க மாட்டான்.

இனிமேல் உங்களைக் கோபித்துக்கொள்ள மாட்டேன். அங்கே நீங்கள் செத்த நேரம் இருங்கள். நான் வாரேன்.

உங்கள் மாமன் மகள்,
மும்தாஜின் அம்மா,
ஜைனம்பு